ஒன்று விட்டு ஒன்று

கொசுத்தேனீக்கு வெட்கமே கிடையாது. என் பட்டறையில் கதவுக்கு வார்னிஷ் அடித்து வெயிலில் நிறுத்தினால் போதும், பத்து நிமிஷத்தில் வந்துவிடும். எறும்புக்கு றெக்கை வைத்த அளவுதான் இருக்கும். ஈரமான இடமாகப் பார்த்து உட்கார்ந்து, பிசினைக் கடித்து உருட்டிப் பின்னங்காலில் ஒட்டிக்கொண்டு போகும். மறுநாள் கதவை வாங்க வந்தவன் தடவிப் பார்த்துவிட்டு, "இன்னா ஆசாரி, கதவுக்கு அம்மை வாத்தாப்ல கீது" என்பான். நகரிக்கும் புத்தூருக்கும் நடுவில் ரோட்டோரமாகப் பட்டறை போட்டு இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. கரையானுக்கு மருந்து கண்டேன், மழைக்குத் தகரம் போட்டேன். இந்தப் பூச்சிக்கு மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

எங்கேயிருந்துதான் வருகிறது பார்ப்போம் என்று ஒருநாள் அது பறக்கிற பக்கமாகவே நடந்தேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஆதிநாராயணனுடைய மாந்தோப்பு. தோப்புக்குள் வீடு. வீட்டுச் சுவரில் கரண்ட் மீட்டர் பெட்டி, அதற்குள் கூடு. லைன்மேன் கையில் தீப்பந்தத்தோடு நிற்க, அந்த வீட்டுச் சின்ன மருமகள் சுலோச்சனா மீட்டர் பெட்டியை முதுகால் மறைத்துக்கொண்டு தெலுங்கில் கெஞ்சிக்கொண்டிருந்தாள். நான் திரும்ப ஓடிப்போய் ஒரு பழைய தேக்குப் பெட்டியை எடுத்துவந்து கொடுத்தேன். வேலியில் போகிற ஓணானை மடியில் விட்டுக்கொண்ட கதைதான். அதற்குப் பிறகு ஆறு வருஷத்தில் அவளுக்கு நாற்பது பெட்டி செய்து கொடுத்திருக்கிறேன்.

ஒவ்வொரு கூட்டையும் இரண்டாகப் பிரித்து, அதை மறுபடி இரண்டாகப் பிரித்து, அவளே நாற்பது ஆக்கினாள். யாரும் சொல்லித் தரவில்லை. தரையில் குப்புறப் படுத்துப் பெட்டி வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். மாமியார் இருந்த காலத்தில், பேய் பிடித்துவிட்டது என்று மந்திரிக்கக் கூட்டிப்போனார்கள்.

"ஆசாரிண்ணா, இதுங்க வேலய எப்படிப் பங்கு போட்டுக்குதுன்னு பாரேன்" என்று ஒருமுறை காட்டினாள். "பொறந்தது வெள்ளையா கீது பாரு, அதுக்கு வெளிய வேல கெடையாது. மொதல்ல மெழுகு வேல, முட்டைக்குத் தீனி வெக்கற வேல. கொஞ்சம் கறுத்ததும் குப்ப பெருக்கும். அப்பறம் இந்தா, வாசக் கொழாயில தலய நீட்டிக்கினு கீது பாரு, அது காவலு. வேற ஊட்டுப் பூச்சி வந்தா மோந்தே கண்டுபுடிச்சிடும். கடேசியாத்தான் வெளிய அனுப்பும்."

"கடேசியான்னா?"

"கெழடாயிட்டு. வெளிய போனா குருவி துன்னும், சிலந்தி புடிக்கும். எப்படியும் சாவப் போறதுதான் போவணும்னு வெச்சிக்கீதுங்க."

மனிதனுக்கு இது தலைகீழ் என்று நினைத்துக்கொண்டேன். இங்கே கிழடு கட்டிலில் கிடக்கிறது. இளசுகளைத்தான் விடியாத நேரத்தில் கம்பெனி பஸ் வந்து ஸ்ரீ சிட்டிக்கு அள்ளிக்கொண்டு போகிறது. அவள் புருஷன் முரளியும் அப்படிப் போனவன்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஷிப்டு முடிந்து, பஸ்ஸை விட்டுவிட்டு ஒருத்தன் பைக்கில் திரும்பும்போது புத்தூர் பைபாஸில் லாரி அடித்துப் போய்ச் சேர்ந்தான். மகள் தரணிக்கு அப்போது ஆறு வயது.

முரளிக்கு அண்ணன் ஆதிநாராயணன். அவர் பெண்டாட்டி செல்லியம்மா. கருமாதி முடிந்த வாரமே செல்லியம்மா சொன்னாள்: "பஸ்ஸு வாசலுக்கே வருது. அவன் எடத்துல நீ ஏறிக்கோ. கொழந்தய நான் பாத்துக்கறேன்." சுலோச்சனா போகவில்லை. இந்தப் பெட்டிகள் இருக்கிறவரை பஸ் ஏறமாட்டேன் என்றாள். தேனைச் சித்த வைத்தியர்கள் திருத்தணியிலிருந்து வந்து வாங்கிப் போனார்கள். பிரித்த கூட்டை வாங்கிப்போய் வளர்க்கவும் ஆள் வந்தது. அவளும் மகளும் அதில்தான் சாப்பிட்டார்கள்.

ஆதிநாராயணனுக்கு இது பொறுக்கவில்லை. அந்த மனிதர் கெட்டவர் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட எனக்கு ஆசைதான். ஆனால் தம்பி பிணத்தை மார்ச்சுவரியிலிருந்து தோளில் தூக்கி வந்தவர் அவர். அவருக்கு யாரையும் நம்ப முடியாது, அதுதான் வியாதி. கடையில் கத்தரிக்காயை ஒவ்வொன்றாக உடைத்துப் பார்த்து வாங்குகிறவர். போனில் வீடியோ பார்த்துவிட்டுப் பட்டறைக்கு வந்து நின்றார்.

"ஆசாரி, யூடியூப்ல டின்னு டின்னா தேன் எடுக்கறான். இவ வருசத்துக்கு ஒரு பொட்டிக்கு ஒரு டம்ளருங்கறா. மிச்சம் எங்க போவுது?"

"அது வேற ஜாதி பெரிய தேனீங்க. இது கொசுத்தேனு. இது அவ்ளோதான் குடுக்கும்."

"நீ அவளுக்குப் பொட்டி செய்றவன். நீ வேற இன்னா சொல்லுவ?"

அதோடு அவர் பார்வையில் நானும் கள்ளன்.

இந்த வருஷம் தை கடைசியில் பாகம் பிரித்தார்கள். தாத்தா சொத்தில் தரணிக்குச் சட்டப்படி பங்கு உண்டு என்று எம்மார்வோ என்கிற தாசில்தார் ஆபீஸில் யாரோ சொல்லிவிட்டதால் ஆதிநாராயணனுக்கு வேறு வழி இல்லை. மாமரம் பூராவும் பூத்துக் கிடந்தது. காலையில் நகரி மலை பனியில் தெரியவே இல்லை, பத்து மணிக்குமேல்தான் வெயில் வந்தது. மத்தியஸ்தத்துக்குப் பழைய சர்பஞ்ச் பூவராகவன் வந்திருந்தார். பெட்டி எண்ணிக்கைக்குச் சாட்சி என்று என்னையும் கூப்பிட்டார்கள்.

நிலத்துக்குக் கல் நட்டாகிவிட்டது. வீட்டை நடுவில் சுவர் வைத்துக்கொள்வது என்று முடிவானது. அண்டா குண்டா எல்லாம் பிரித்தார்கள். மத்தியானம் புளிச்சக்கீரையும் சோறும் போட்டார்கள். கைகழுவி வந்ததும் ஆதிநாராயணன் ஆரம்பித்தார்.

"பொட்டிங்கள மறந்துட்டீங்களே."

சுலோச்சனா எழுந்து நின்றாள். "அது எங்கையால செஞ்சது மாமா."

"கூட்டுக் குடும்பத்துல இருக்கச் சொல்லோ செஞ்சது. அப்ப பொது ஆஸ்திதான். இன்னா பெரியவரே?"

பூவராகவன் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "நாயம் அதான்" என்றார்.

"மாமா, தோப்புல என் பங்குல பத்து மரம் எடுத்துக்கோ. பொட்டிய உட்டுடு. உனக்கு அத வெச்சிக்கத் தெரியாது."

"பத்து மரத்தக் குடுக்கறாளாம்! பாத்தீங்களா, பொட்டிக்குள்ள எவ்ளோ இருந்தா பத்து மரத்த உடுவா?" என்றாள் செல்லியம்மா. காரியம் அவ்வளவில் கெட்டுவிட்டது. அந்தப் பத்து மரத்தை அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

வீட்டுக்குப் பின்னால் கல்லுக்கால் நட்டு, பலகை போட்டு, வரிசையாக நாற்பது பெட்டியும் வைத்திருந்தாள். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் ஒரு சாண்தான் இடைவெளி. எது நல்ல கூடு எது நோஞ்சான் என்று யாருக்கும் தெரியாது. அதனால் வஞ்சகம் இல்லாமல் பிரிக்க பூவராகவனே வழி சொன்னார்: "ஒண்ணு உட்டு ஒண்ணு. மொதல் பொட்டி பெரியவனுக்கு, ரெண்டாவது அவளுக்கு, மூணாவது பெரியவனுக்கு. ஒருத்தரும் வாய் தெறக்க முடியாது."

அவ்வளவு நியாயமான ஏற்பாடு. நான் அதைக் கேட்டுத் தலையாட்டினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சுலோச்சனா தலையாட்டவில்லை. பூவராகவன் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். "பெரியவரே, இருவதையும் எடுத்துக்கட்டும். ஆனா இப்ப தூக்கக் கூடாது. பொழுது சாஞ்சி எல்லாம் ஊட்டுக்கு வந்தப்பறம் வாய அடச்சித் தூக்கணும். தூக்கினாலும் இந்தாண்ட வெக்கக் கூடாது. ஒரு கிலோமீட்டராவது தள்ளிக் கொண்டுபோய் ஒரு மாசம் வெக்கணும். பக்கத்துல வெச்சா, வெளிய போனதெல்லாம் பழைய எடத்துக்கே திரும்பி வந்து நிக்கும்."

பூவராகவன் சூள் கொட்டினார். "யம்மா, பங்கு பிரிச்சா பொழுது எறங்கறதுக்குள்ள அவங்கவங்க பொருளு அவங்கவங்க கல்லுக்குள்ள போயிடணும். இந்தப் பங்காளிங்களுக்கு அதான் கட்டு. ராத்திரி அந்தப் பக்கம் தங்குச்சின்னா பிரிச்ச பங்கு செல்லாது. மாடாயிருந்தாலும் சரி, மத்தாயிருந்தாலும் சரி."

"இது மாடு இல்லியே."

"இருட்டுல தூக்கணுமாம்" என்றார் ஆதிநாராயணன். "மாட்ட எண்ணலாம். பூச்சிய எவன் எண்றது? இருட்டுல நல்லத உருவிக்கினு சொத்தைய என் தலயில கட்டுவா. இப்பவே தூக்கு."

"மாமா, பொய் சொல்லல மாமா. செத்துப்பூடும். உன்னுதும் சாவும், என்னுதும் சாவும்."

"சாவட்டும், பாக்கலாம்."

எனக்கு அவள் சொன்னது உண்மை என்று தெரியும். ஆறு வருஷமாகப் பார்க்கிறவன். வாயைத் திறந்திருந்தால், "பொட்டி செய்றவன் பேச வந்துட்டான்" என்பார். அந்த ஒரு பேச்சுக்குப் பயந்து பல்லைக் குத்திக்கொண்டு நின்றேன். பெரிய பயம் எதுவும் இல்லை, அவ்வளவுதான் பயம்.

மூன்றரை மணிக்கு, நல்ல வெயிலில், பூ பூராவும் தேனீ மொய்த்துக்கொண்டிருக்கிற நேரத்தில் இருபது பெட்டியைத் தூக்கினார்கள். புதுக் கல்லுக்கு அந்தப் பக்கம், ஆதிநாராயணன் பங்கில், பழைய இடத்திலிருந்து முப்பது தப்படி தள்ளி, ஒரு வேப்பமரத்தடியில் அடுக்கினார்கள். பூவராகவன் இரண்டு பக்கத்திலும் எண்ணிப் பார்த்து, "இருவது, இருவது. அயிப்போயிந்தி, முடிஞ்சிபோச்சி" என்று துண்டை உதறிக்கொண்டு கிளம்பினார்.

நாலு மணிக்கெல்லாம் திரும்பி வர ஆரம்பித்தன. காலில் மகரந்தமும் பிசினுமாக வந்து, தன் பெட்டி இருந்த வெற்றுப் பலகைக்கு எதிரே அந்தரத்தில் நின்றன. முன்னும் பின்னும் ஆடின. வாசல் இருந்த உயரத்திலேயே, ஒரு விரல்கூட மாறாமல் நின்றன. கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு காலியிடத்துக்கும் முன்னால் ஒரு கறுப்புப் புகை நின்றது.

பிறகு, ஒரு சாண் தள்ளியிருந்த பக்கத்து வாசலுக்குப் போயின.

காவல் பூச்சிகள் வெளியே வந்தன. இதற்குக் கொடுக்கு கிடையாது, கடிதான். ஒன்றை ஒன்று தாடையால் கவ்விக்கொண்டு உருண்டு கீழே விழும். விழுந்த பிறகும் விடாது. இரண்டும் அப்படியே சாகும். சின்ன மழை பெய்வதுபோலப் பலகைக்குக் கீழே சருகில் சத்தம் கேட்டது. சுலோச்சனா ஓடி ஓடிப் பெட்டிக்கு முன்னால் முந்தானையை விசிறினாள். அவள் தலைமுடியிலும் புருவத்திலும் ஜோடி ஜோடியாக ஒட்டிக்கொண்டன.

"மாமா! இன்னும் பொழுது கீது மாமா! திருப்பிக் கொண்டாந்து அதே எடத்துல வெச்சிடு, எல்லாம் அடங்கிடும்!" என்று கல்லோரம் நின்று கத்தினாள்.

ஆதிநாராயணன் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "கல்லத் தாண்டுனது திரும்பாது. பூச்சி எல்லாம் உன் பக்கம் வருதே, இன்னா பழக்கி வெச்சிருக்க?"

"அதுங்களுக்குக் கல்லு தெரியாது மாமா."

"உனக்குத் தெரியுமில்ல? அந்தாண்ட போ."

அவள் திரும்பி வந்தாள். ஒரு நிமிஷம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். உள்ளே போய்ப் பஞ்சை நனைத்து எடுத்து வந்து, தன்னுடைய இருபது பெட்டியின் வாயையும் ஒவ்வொன்றாக அடைக்க ஆரம்பித்தாள்.

"யம்மா, உன்னுதும் பாதி வெளியதான கீது?" என்றேன்.

"தெரியும்."

"அதெல்லாம்?"

"அதுங்க கெழடு. பத்து நாளுல சாவப் போறது. உள்ள கீற குஞ்சு பொழச்சாப் போதும்." குரலில் ஒன்றும் இல்லை. அடுத்த பெட்டிக்குப் பஞ்சைத் திணித்தாள். அவள் பூச்சியும் அவர் பூச்சியும் எது எது என்று தெரியாமல் மூடிய வாசலில் அப்பிக்கொண்டிருந்தன. விடிந்து போய்ப் பார்த்தபோது முறத்தில் வாரிக்கொண்டிருந்தாள். இரண்டு முறம் நிறைந்தது. கறுப்பு எள் மாதிரி இருந்தது. தரணி பக்கத்தில் குந்திக்கொண்டு, கவ்விக்கொண்டிருந்த ஒரு ஜோடியை ஈர்க்குச்சியால் பிரிக்கப் பார்த்தாள். பிரியவில்லை.

மூன்றாம் நாள் பஞ்சை எடுத்தாள். இருபதில் ஏழு பெட்டி அவிந்து நாற்றம் எடுத்தது. பதின்மூன்று பிழைத்தது.

ஐந்தாம் நாள் சுலோச்சனா பக்கத்துக் கதவுக்கு நான் கீல் மாட்டப் போயிருந்தபோது ஆதிநாராயணன் கல்லுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"என் பொட்டியில ஒரு பூச்சிகூட போவல, வரல. வெறும் பொட்டிய என்கிட்ட தள்ளிட்ட, இல்ல?"

சுலோச்சனா கையைத் துடைத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அமைதியாக இருந்தாள். அவருக்குப் புரிகிற மாதிரி, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"வெறும் பொட்டி இல்ல மாமா. உள்ள ராணி கீது, குஞ்சுங்க கீது, தீனி கீது. வெளிய போற வயசுக்காரங்கதான் இல்ல. குஞ்சுங்க வளந்து அதுங்களே வெளிய போவ ஆரம்பிக்கும். அதுவரைக்கும் உள்ள இருக்கற தேனத் துன்னுதான் உசுரு புடிக்கணும். இருவது நாளைக்குத் தெறக்கவே கூடாது. பொட்டிக்குக் கீழ எண்ணெய் தடவி எறும்பு ஏறாம பாத்துக்கோ. தெறந்தீன்னா செத்துடும்."

"தெறக்கவே கூடாதா?"

"தெறக்கவே கூடாது மாமா."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். திரும்பிப் போனார். மத்தியானம் பட்டறைக்கு ஆள் விட்டார், திருப்புளி எடுத்துக்கொண்டு வரச் சொல்லி.

"அவ தெறக்கக் கூடாதுன்னு சொன்னாளே" என்றேன்.

"அதுக்குத்தான் தெறக்கறேன். நீ திருவு."

திருகினேன். நான் போட்ட திருகாணி, என் கையால்தான் கழற்றினேன். முதல் பெட்டி மூடியைத் தூக்கினதும் செல்லியம்மா "அய்யய்யோ" என்றாள். மெழுகுக் குடம் குடமாகத் தேன் நிறைந்திருந்தது. சுலோச்சனா எப்போதும் பாதிதான் எடுப்பாள், பாதி அதுகளுக்கு. அது இவர்களுக்கு எப்படித் தெரியும்?

"பாத்தியா! ஒரு டம்ளருன்னா! இத்தன வருசம் ஏமாத்திக்கினு இருந்திருக்கா! இருவது நாள் கழிச்சி அவளே வந்து உருவிக்கினு போவப் பாத்திருக்கா!" ஆதிநாராயணன் கோபத்தில் கத்தினாரா சந்தோஷத்தில் கத்தினாரா தெரியவில்லை. எரிகிற வீட்டில் பிடுங்கினவரை லாபம் என்று இருபது பெட்டியையும் அறுத்தார்கள். தேனும் மகரந்தமும் புழுவும் முட்டையுமாகத் துணியில் கட்டிப் பிழிந்தார்கள். இரண்டு கேன் சேர்ந்தது. நிறம் மாறாத வெள்ளைப் பூச்சிகள் எங்கே போவது என்று தெரியாமல் பலகையில் நடந்தன. பறக்கக்கூட அதுகளுக்குத் தெரியாது. வயிறு பெருத்த ராணி ஒன்று மெதுவாக என் கைப்பக்கம் வந்தது. செல்லியம்மா, "ச்சீ, இது இன்னா புழுவு" என்று கட்டைவிரலால் நசுக்கினாள். நான் அடுத்த மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலத்துக்குள் எறும்பு வந்துவிட்டது.

மறுநாள் மத்தியானம்தான் சுலோச்சனாவிடம் போக எனக்குத் துணிவு வந்தது. அடுப்பில் களி கிண்டிக்கொண்டிருந்தாள். வாசலில் நின்றபடியே சொன்னேன்.

"எத்தன பொட்டி?" என்று கேட்டாள். துடுப்பு நிற்கவில்லை.

"எல்லாந்தான்மா. நான்தான் திருகாணி கழட்டினேன்."

"உன்னத்தான கூப்புடுவாரு." களியை ஒருமுறை அடித்துக் கிளறினாள். "ஆசாரிண்ணா, ஒரு ஒத்தாச செய். அந்தக் காலிப் பொட்டிங்கள வாங்கிக் குடு. அவருக்கு இனி அது வெறகுதான். கேட்டா குடுத்துடுவாரு. பழைய மெழுகு வாசன இருந்தா பிரிக்கற கூடு அதுல சட்டுனு ஒட்டிக்கும். பதிமூணு கீது, சித்திரைக்குள்ள இருவத்தாறு ஆக்கிடுவேன்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு சொட்டுக் கண்ணீர் வராதா என்று அவள் முகத்தையே பார்த்தேன். கண் சிவந்துதான் இருந்தது, ஆனால் அடுப்புப் புகை எல்லார் கண்ணையும்தான் சிவக்க வைக்கும்.

"யம்மா, அவரு தெறப்பாருன்னு தெரிஞ்சேதான் சொன்னியா?"

"நான் நெசத்ததான சொன்னேன். நீ பக்கத்துலதான இருந்த?"

"இருந்தேன்."

"அன்னிக்கு அத்தன பேருக்கு முன்னால நெசத்தச் சொன்னேன், பொய்யின்னாரு. அவரு கண்ணுக்கு நான் பொய்க்காரி. 'மாமா, சட்டுனு தெறந்து தேன எடுத்துடு'ன்னு சொல்லியிருந்தா, இன்னாமோ சூது வெச்சிருக்கான்னு ஒரு மாசத்துக்கு யாரையும் கிட்டவே உட்டிருக்க மாட்டாரு. எல்லாம் பொழச்சிருக்கும்." சட்டியை இறக்கி வைத்தாள். "ஒரு பொய்யி சொன்னாப் போதும். வாய் வரைக்கும் வந்துச்சி. நான்தான் சொல்லல."

தட்டை எடுத்து ஒரு உருண்டையை உருட்டி வைத்து, குழியில் கடலைச் சட்னி ஊற்றி என் பக்கமாகத் தள்ளினாள்.

"துன்னுட்டுப் போ. ஆறிடும்."

நான் உட்கார்ந்து தின்றேன்.